முதலிடம்: எதிர் ஜன்னல்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர்கள் உண்டு. மெழுகக்காவுக்கு வாய் அடங்கித்தான் இருக்கும், விரல்தான் அடங்காது. அந்த வியாழக்கிழமை டீ இடைவேளையில், ஏழாவது மாடி என்கிற இசைக்குழுவின் எட்டு ஆல்பங்களையும் எட்டிலிருந்து ஒன்று வரை வரிசைப்படுத்தி எழுதி, அதை ரசிகர் குழுவில் போட்டும் விட்டாள். அந்தக் குழுவில் முப்பது வருஷமாக ஏழாவது மாடியைக் கேட்டே தலை நரைத்தவர்கள் இருக்கிறார்கள். இவள் கேட்க ஆரம்பித்து எட்டு மாதம். ஆல்பத்துக்கு ஒரு மாதம் என்று வைத்துக்கொண்டாலும் இது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

மெழுகக்கா என்பது பல் கட்டும் லேபில் வைத்த பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் இல்லாத பல்லை முதலில் மெழுகில் செதுக்குவது அவள் வேலை. மெழுகுப் பல் சரியாக அமைந்தால்தான் அதற்கப்புறம் உலோகம், பீங்கான் எல்லாம். பதினாறு வருஷமாக இதையே செய்கிறாள். கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைப் பார்த்தே, அதன் சொந்தக்காரர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவரா இல்லையா என்று சொல்லிவிடுவாள். முகம் தெரியாதவர்களின் வாயெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

லேபில் ஒரே ஒரு நீள மேஜை. வலக்கோடியில் மெழுகக்கா. அவளுக்கு வலப்பக்கம் ஜன்னல், இடப்பக்கம் சின்னு. சின்னுவுக்கு அந்தப் பக்கம் பாலிஷ்காரர். எல்லோரும் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தால் குனிந்ததுதான். காலடியில் தூசி உறிஞ்சும் மோட்டார் ஹோவென்று ஓடும். பேச வேண்டியதைக் குனிந்தபடியே பேசுவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அரிசி அளவு பல்லைச் செதுக்கும்போது தலையை நிமிர்த்தினால் அரை மணி நேர வேலை போய்விடும்.

சின்னு அவளுடைய கணவனின் தங்கை, கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருப்பவள். இந்த வேலைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வந்ததே மெழுகக்காதான். பீங்கான் பூசுவதில் சின்னுவுக்கு இருந்த கைநேர்த்தி, கற்றுக்கொடுத்தவரையே வாயைப் பிளக்க வைத்தது. முதல் ஏழெட்டு வருஷம் நாத்தனாரும் அண்ணியும் பேசிய பேச்சில், இவர்களைப் பிரித்து உட்கார வைத்தால் என்ன என்று முதலாளியே யோசித்ததுண்டு. அப்படி இருந்த பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிறகு ஒரு நாளோடு நின்றே போனது. இரண்டு வருஷமாயிற்று. சண்டை போட்டிருந்தாலாவது இன்ன காரணம் என்று நாலு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். இங்கே அதற்கும் வழியில்லை. அண்ணன் வீட்டுப் பக்கம் வருவதையும் சின்னு நிறுத்திவிட்டாள்.

இப்போது லேபையே விட்டுப் போகிறாள். வேறு லேபில் வேலை கிடைத்திருக்கிறதாம், சனிக்கிழமையோடு இங்கே சரி. இதையும் முதலாளி சொல்லித்தான் மெழுகக்கா தெரிந்துகொண்டாள். அன்று வீட்டில் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு கை தூரத்துல உக்காந்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையே அவளுக்கு."

"நீ கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்? பேச்சை நிறுத்தினது அவ."

கணவன் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டான். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் தலையைக் கொடுக்கும் அளவுக்கு அவன் விவரம் கெட்டவன் இல்லை. மெழுகக்காவுக்கோ உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. நான் என்னடி பண்ணினேன் என்று சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கேட்காமல் அவளைப் போகவிட்டால், சாகிறவரை தெரியாமலே போய்விடும். ஆனால் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கப் போய், வீம்பு வந்து குறுக்கே நின்றுகொண்டது. திங்கள், செவ்வாய், புதன் இப்படியே போயின.

ஏழாவது மாடி அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் இந்த மௌனத்தால்தான். பக்கத்தில் ஆள் இருந்தும் பேச்சில்லாத மேஜையில் எட்டு மணி நேரம் உட்கார முடியாமல், இயர்போன் ஒன்றை வாங்கி, பீங்கான் நிறம் பற்றிய பாடம் எதையோ போட்டுவிட்டு வேலை பார்த்தாள். பாடம் முடிந்ததும் போன் தானாகவே ஒரு பாட்டைப் பாடத் தொடங்கியது. கையில் மெழுகு, நிறுத்த முடியவில்லை. பத்தொன்பது நிமிடம் ஓடியது. நடுவில் தாளம் ஐந்துக்குப் போனது, ஏழுக்குத் தாவியது. பாடுகிறவன் டீ குடிக்கப் போனவன் போலக் காணாமல் போய்ப் பதினாலாவது நிமிடத்தில் திரும்பி வந்தான். என்னடா கூத்து இது என்றுதான் முதலில் நினைத்தாள். மறுநாள் அவளாகவே தேடிப் போட்டாள். இந்த வகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஒரு கடைவாய்ப் பல்லுக்கு ஒரு பாட்டு என்று கணக்குச் சரியாக இருந்தது, அது போதும் அவளுக்கு.

ஆக, வியாழக்கிழமை அவள் எழுதிய வரிசைக்கு வருவோம். கடைசி இடம் 'ஈயக் குடை'. முதல் ஆல்பம், பாவம், தெரிந்த வித்தையை எல்லாம் ஒரே பாட்டில் இறக்கிவிடும் அவசரம் என்று மன்னித்திருந்தாள். 'நாய்க்குடை நகரம்' ஏழாவது: இருபத்திரண்டு நிமிடப் பாட்டில் பதினெட்டு நிமிடம் முன்னுரை. 'தபால்காரனின் தூக்கம்' ஆல்பத்தை எல்லோரும் மெச்சுகிறார்கள், எனக்கும் தூக்கம்தான் வந்தது, அடிக்க வராதீர்கள் என்று ஆறாவதில் வைத்திருந்தாள். நடுவில் இருந்த நான்குக்கும் ஆளுக்கு இரண்டு வரி. முதலிடத்துக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி:

'முதலிடம்: எதிர் ஜன்னல். முதல் பாட்டில் கிதார் ஒரு கேள்வி கேட்கிறது. பதில் இல்லை. கொஞ்ச நேரம் தாளம் மட்டும் நடக்கிறது. மறுபடி கேட்கிறது, இந்தத் தடவை கெஞ்சி. பதில் இல்லை. பதினேழு நிமிடமும் இப்படியே. எதிர்வீட்டு ஜன்னல் கடைசி வரை திறக்கவே இல்லை. பதில் சொல்லாமல் விடுகிற தைரியம் இவர்களுக்கு எங்கிருந்து வந்ததோ. வேலை செய்கிற இடத்தில் இதைக் கேட்டு இரண்டு முறை அழுதிருக்கிறேன். புது ரசிகை, தப்பிருந்தால் சொல்லுங்கள்.'

எழுதிவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள். திரும்பி வருவதற்குள் நாற்பது பதில்கள் வந்திருந்தன.

தபால்காரனுக்காக நாலு பேர் சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. எல்லோரும் முதலிடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். எதிர் ஜன்னலுக்கு முதலிடம் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. 'பதில் இல்லையா? என்ன சொல்றீங்க?' என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். குழுவை நடத்துகிறவர், ஒற்றைச் செருப்பு என்று புனைபெயர் வைத்துக்கொண்ட பெரியவர், நிதானமாக எழுதியிருந்தார்: 'தாயே, அதில் இரண்டு கிதார். கேட்பது ஒருவர், பதில் சொல்வது இன்னொருவர். அந்தப் பதில்தான் ஆல்பத்தின் உயிரே. அதை வாசிக்கப் பழகியே என் விரல் தேய்ந்தது.'

புது ஆள் என்று காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்கள் என்று மெழுகக்காவுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாகக் கேட்கிறேன், எனக்குத் தெரியாதா? அப்போது வேறொருவர் எழுதினார்: 'கேள்வி வலது பக்கம், பதில் இடது பக்கம். அக்கா, உங்க இயர்போன்ல லெஃப்ட் போயிருக்கும். மாத்திப் போட்டுப் பாருங்க.'

ஓ, அதுதானா என்று நிம்மதியாக இருந்தது. மலிவு இயர்போன். வலது காதில் இருந்ததைக் கழற்றி இடது காதிலும், இடது காதில் இருந்ததை வலது காதிலும் வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டாள்.

கேள்வியைக் காணோம். அவள் மனப்பாடமாக அறிந்த அந்தக் கெஞ்சல் இருந்த இடமே தெரியவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கிதார், கொஞ்சம் முரட்டுக் குரலில், ஜென்மத்தில் அவள் கேட்டிராத எதையோ மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது. இயர்போனில் இரண்டு பக்கமும் வேலை செய்கின்றன என்பது புரியச் சில நொடிகள் ஆயின. புரிந்ததும் பகீரென்றது.

முதலாளியிடம் போய் அவருடைய இயர்போனை வாங்கி வந்தாள். அதிலும் அதே கதை. பிறகு வலது காதை விட்டுவிட்டு, இடது காதில் மட்டும் ஒன்றை அழுத்தி வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். ஒன்றுமில்லை. முழுசாகக் கூட்டினாள். எங்கேயோ மூன்று வீடு தள்ளிக் கொசு பறப்பது போல ஏதோ ஒன்று. அந்த நேரத்தில் சின்னு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். இயர்போனிலிருந்து கசிந்த இரைச்சல் ஒரு கை தூரத்தில் இருந்த சின்னுவுக்குக் கேட்டிருக்கிறது. காதுக்குள்ளேயே வைத்திருந்த இவளுக்குக் கேட்கவில்லை.

மெழுகக்கா இயர்போனைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். அன்று மீதி நாள் ஒரு பல்லும் ஒழுங்காக வரவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காது டாக்டரிடம் போனாள். கணவனிடம் தலைவலி என்று சொல்லிவைத்தாள். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். பரிசோதிக்கிற பெண் வெளியே இருந்தாள். வலது காதில் கீச்சென்றும் பூம் என்றும் கேட்கக் கேட்க, பரீட்சைக்குப் படித்துவிட்டு வந்தவள் போல டக்டக்கென்று அழுத்தினாள். அடுத்தது இடது காது என்றார்கள். காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பெண் உள்ளே வந்தாள்.

"இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டாள் மெழுகக்கா.

"முடிஞ்சிடுச்சுங்க."

டாக்டர் வயதான பெண்மணி. ஒரு தாளை மேஜையில் வைத்துத் திருப்பிக் காட்டினார். அதில் சிவப்புக் கோடு ஒன்று மேலேயே சமமாகப் போயிற்று. நீலக் கோடு ஆரம்பத்திலேயே கீழே இறங்கி, தாளின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"சிவப்பு உங்க வலது காது. நல்லா இருக்கு. நீலம் இடது. நரம்பு போயிருக்கு. ஏன்னு ஸ்கேன் எடுத்துப் பாத்துத்தான் சொல்லணும். இது ஒரே நாள்ல போனதில்லம்மா. ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும்."

"எனக்குத் தெரியாம எப்படி டாக்டர்?"

"ஒரு காது நல்லா இருந்தா அதை வச்சே சமாளிச்சிடுவோம். போனை வலது பக்கம்தான வச்சுப் பேசுவீங்க? எதிர்ல நின்னு பேசுறவங்க வாயைப் பாத்துடுவீங்க. சத்தம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னுதான் தெரியாது. வீட்டுல போன் அடிச்சா தேடுவீங்களா?"

தேடுவாள். போன் சமையலறையில் அடிக்கும், இவள் படுக்கையறையில் தலையணைகளைப் புரட்டிக்கொண்டிருப்பாள். கணவன் இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

"சரி, இடது பக்கம் இருந்து யாராவது பேசினா பதில் சொல்றீங்களா?" என்று டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"என் இடது பக்கம் யாரும் பேசுறதில்ல டாக்டர்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மெழுகக்கா எழுந்துவிட்டாள். அந்தத் தாளையும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டையும் நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். வரவேற்பில் இருந்தவர்தான் ஓடிவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். விஷயத்தை அரைகுறையாக ஊகித்துவிட்ட ஒற்றைச் செருப்பு தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தார். போனில் இன்ன இடத்தில் மோனோ என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் இரண்டு பக்கத்துச் சத்தமும் ஒரே காதில் வரும், இன்னொரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். தட்டினாள். எதிர் ஜன்னல் ஓடியது.

முதல் கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. கெஞ்சலுக்கு ஒரு சிரிப்பு. கோபத்துக்கு அதைவிடப் பெரிய கோபம். தாளம் மட்டும் நடந்துகொண்டிருந்ததாக அவள் நினைத்திருந்த இடம் ஒவ்வொன்றிலும் அந்த முரட்டுக் கிதார் உயிரைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தது. ஆல்பம் இப்போது முதலிடத்தில் இருக்குமா என்பதே சந்தேகம். நச்சரிப்பு கொஞ்சம் அதிகம் என்று கூட அவளுக்குத் தோன்றியது. மற்ற ஏழு ஆல்பங்களையும் இதே லட்சணத்தில்தான் கேட்டிருக்கிறாள், ஆகையால் அந்த வரிசை முழுவதும் செல்லாது. ஆனால் அதைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அவள் இல்லை. பதில் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. அப்படியானால் மேஜையில் சின்னு? அவளும் பேசிக்கொண்டுதான் இருந்தாளா? எத்தனை நாள்? என்ன பேசினாள்? இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டது.

சனிக்கிழமை எட்டு மணிக்கெல்லாம் லேபுக்குப் போய்விட்டாள். பாலிஷ்காரர் வர இன்னும் அரை மணி ஆகும். சின்னு முன்பே வந்து, தன் தூரிகைகளைக் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். மெழுகக்கா தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் அவளுக்கு அந்தப் பக்கம், பாலிஷ்காரர் இடத்தில் போட்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்தாள். டாக்டர் கொடுத்த தாளை மேஜையில் விரித்தாள்.

"என்ன இது?" என்றாள் சின்னு. இரண்டு வருஷத்தில் முகம் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை.

"என் காது. சிவப்பு வலது. நீலம் இடது. இடது காது எனக்குக் கேக்கல சின்னு. நேத்துதான் தெரியும்."

சின்னு தாளைத் தொடவில்லை. "நல்ல நாள் பாத்தீங்க அண்ணி. நான் போற அன்னிக்கு வந்து ஒரு சீட்டைக் காட்டுறீங்க."

"நீ நம்ப மாட்டேன்னு தெரிஞ்சுதான் கொண்டு வந்தேன். ரெண்டு மூணு வருஷமா போயிட்டிருக்குன்னு டாக்டர் சொல்றாங்க."

சின்னுவின் பார்வை தாளுக்குப் போனது. நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து, அது இறங்கிய வழியெல்லாம் இறங்கிப் பார்த்தாள். விரல் தாளின் அடிவரை போய் நின்றது. அவள் முகம் வெளிறுவதை மெழுகக்கா கண்ணெதிரே பார்த்தாள்.

"அப்ப நான் கேட்டது?" என்றாள் சின்னு.

"என்ன கேட்ட?"

"நீங்க பதில் சொன்னீங்களே அண்ணி."

"நான் என்ன சொன்னேன்? முதல்ல நீ என்ன கேட்ட, அதைச் சொல்லு."

சின்னு தூரிகைகளைச் சுற்றிய துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "மோட்டார் ஓடிட்டிருந்துச்சு. நீங்க குனிஞ்சு வேலை பாத்துட்டிருந்தீங்க. உங்க முகத்தைப் பாத்துக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதனால நானும் பிரஷ்ஷைப் பாத்துக்கிட்டேதான் கேட்டேன். அண்ணி, அந்த வீட்டுல இனிமே என்னால இருக்க முடியாது, அவர் கை நீட்ட ஆரம்பிச்சிட்டார், கொஞ்ச நாளைக்கு உங்க வீட்டுல வந்து இருந்துக்கட்டுமான்னு."

மெழுகக்கா ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். "நான் என்ன சொன்னேன்?"

"'இங்க எங்க இடம் இருக்கு? ஏற்கெனவே ரெண்டும் நெருக்கிட்டு நிக்குது, நடுவுல இன்னொண்ணு எப்படி நுழையும்'னு சொன்னீங்க."

அந்த நாள் மெழுகக்காவுக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுடையதுதான், சந்தேகமே இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். ஒரு பல் போன இடத்தில் இரண்டு பக்கத்துப் பற்களும் சாய்ந்து வந்து இடுக்கைக் குறுக்கிவிடும். அப்படிப்பட்ட அச்சு கைக்கு வந்தாலே அவளுக்கு எரிச்சல் வரும், அதைத் திட்டிக்கொண்டேதான் செதுக்குவாள். பதினாறு வருஷப் பழக்கம்.

"அச்சைத் திட்டினேன்டி," என்றாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "உன்னைச் சொல்லல. சத்தியமா அந்த அச்சைத்தான் திட்டினேன்."

"நீங்க அச்சுகிட்ட பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா அண்ணி? அன்னிக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். அதனாலதான் இன்னொரு தடவை கேட்டேன். இன்னும் கொஞ்சம் சத்தமா. நீங்க ஒண்ணும் சொல்லல, மெழுகை ஊதிட்டு அடுத்த அச்சை எடுத்தீங்க. மூணாவது தடவை கேக்க எனக்கு மனசு வரல."

"அண்ணன்கிட்ட கேட்டிருக்கலாமே."

"அண்ணன் உங்களைத்தான கேப்பார்."

மெழுகக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு கிட்டத்தில், காலை வெளிச்சத்தில், அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. சின்னு பேசும்போது மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் கண்ணில் பட்டது. மற்றப் பற்களைவிட ஒரு படி வெளுப்பு. ஓரத்தில் பீங்கான் கொஞ்சம் தடிப்பு. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, அது பிறந்த பல் இல்லை. இந்த லேபில் செய்ததும் இல்லை.

"அந்தப் பல்லு எப்ப போச்சு?"

சின்னு உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு, "அதுக்கு அடுத்த மாசம்," என்றாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததா எல்லார்கிட்டயும் சொல்லிவச்சேன். இங்க குடுத்தா மெழுகு நீங்கதான செய்வீங்க. என் வாய் உங்களுக்குத் தெரியாதா? விழுந்து போன பல்லா அடிச்சுப் போன பல்லான்னு அச்சைப் பாத்தே சொல்லிடுவீங்க. அதான் வெளியில குடுத்துக் கட்டிக்கிட்டேன். இப்ப வேலைக்குப் போறது அந்த லேபுக்குத்தான்."

இரண்டு வருஷம். ஒரு கை தூரம். முகம் தெரியாத ஊராரின் வாயெல்லாம் அத்துப்படி என்று பெருமை அடித்துக்கொண்டவளுக்கு, பக்கத்து ஸ்டூலில் ஒருத்தி பல் உடைந்து வந்து உட்கார்ந்தது தெரியவில்லை. அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, பதில் வராத சோகத்துக்காக அழுதிருக்கிறாள். தன்னையே ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது மெழுகக்காவுக்கு.

"கிளம்பு," என்றாள். "இன்னிக்கே நம்ம வீட்டுக்கு வா. இப்பவே வா."

"வேண்டாம் அண்ணி. ரூம் பாத்துட்டேன். அந்த லேப் இருக்கிற தெருவுலயே, மாடியில. சாயந்தரம் இங்கிருந்து நேரா அங்க போயிடுவேன். அந்த வீட்டுக்குத் திரும்பப் போகல. இது இன்னும் யாருக்கும் தெரியாது." மேஜைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. அதையும் இப்போதுதான் மெழுகக்கா பார்த்தாள்.

"அவன் தேடிக்கிட்டு வந்தா என்னடி பண்ணுவ, தனியா?"

சின்னு அதற்குப் பதில் சொல்லவில்லை. இது நிஜமாகவே சொல்லாத பதில்தான். மெழுகக்கா அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

படிக்கட்டில் ஆள் வரும் சத்தம் கேட்டிருக்க வேண்டும், சின்னு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாலிஷ்காரர் உள்ளே வந்து, தன் இடத்தில் மெழுகக்கா இருப்பதைப் பார்த்து விழித்தார். அவள் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டாள். முதலாளி வந்தார். மோட்டாரைப் போட்டார்கள். சின்னு முடிக்க வேண்டிய பற்கள் இன்னும் நான்கு இருந்தன. எல்லோரும் குனிந்தார்கள்.

மெழுகக்கா ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, கத்தியைச் சூடு காட்டி, ஓர் அச்சை எடுத்தாள். உடனே கீழே வைத்துவிட்டாள். கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. இன்னொருத்தியின் வீட்டில் போய் இடம் கேட்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று இந்த வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. முகத்தைப் பார்த்துக் கேட்க முடியவில்லை. குனிந்து, விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ரூம்ல எனக்கும் கொஞ்சம் இடம் இருக்குமா? கொஞ்ச நாளைக்கு நானும் வந்து உன்கூட இருக்கேன். அவன் வந்தா ரெண்டு பேரா இருப்போம். உன் அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மோட்டார் ஹோவென்று ஓடியது. பதில் இல்லை. சரிதான், எந்த மனசோடு தன்னை வரச் சொல்வாள் என்று மெழுகக்கா நினைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. தலையைக் குனிந்தபடியே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், சின்னு உட்கார்ந்திருப்பது எந்தப் பக்கம் என்பது அவளுக்கு உறைத்தது. சட்டென்று உடம்பையே திருப்பிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதாவது சொன்னியா?"

சின்னு உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தூரிகையைக் கையில் பிடித்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"வாங்கன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன் அண்ணி."